சிறுநீரகம் மாற்றிய வீட்டில் மருந்துச்சீட்டு மாறும்போது

கேட்டிருப்பது தஞ்சாவூர்ப் பக்கத்து மகள் ஒருவர். அப்பாவுக்கு 56 வயது. மூன்று மாதத்துக்கு முன்பு சென்னையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, சிறுநீரகம் கொடுத்தது அம்மா. இப்போது தினமும் 11 வகை மாத்திரை. ஊர் மருந்துக்கடையில், புதுச் சிறுநீரகத்தைக் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைக் கேட்டால் "அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்ல, இதுவும் அதேதான்" என்று வேறொன்றை எடுத்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகனோ, "இங்கே இந்த மாதிரி மருந்துக்கென்றே ஸ்பெஷாலிட்டி ஃபார்மசி உண்டு, மாதாமாதம் அவர்களே கூப்பிட்டுப் பேசுவார்கள்" என்கிறாராம். நம்மூரில் அப்படி இருக்கிறதா, இல்லையென்றால் வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பது கேள்வி.

மாற்று உறுப்பு நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் மருந்தாளுநராகப் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அத்தை மகன் சொன்னது. அது உண்மைதான். புற்றுநோய் மாத்திரைகள், ஹெபடைடிஸ் சி மருந்துகள், முடக்குவாதத்துக்கான ஊசிகள், ஹீமோஃபிலியா மருந்துகள், மாற்று உறுப்பு மருந்துகள் என்று விலையும் அதிகம், கண்காணிப்பும் அதிகம் தேவைப்படும் மருந்துகளுக்கு அங்கே தனி மருந்தகங்கள் இருக்கின்றன. மருந்து தீரும் முன்பே போன் வரும். குளிரில் வைக்க வேண்டியது ஐஸ் பெட்டியில் வீட்டுக்கு வரும். காப்பீட்டு அனுமதிக்கான காகித வேலையையும் அவர்களே பார்ப்பார்கள். ஆனால் அதைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே பெரிய ஸ்பெஷாலிட்டி ஃபார்மசிகள் காப்பீட்டு மருந்துச் செலவை நிர்வகிக்கும் நிறுவனங்களின் கையிலேயே இருக்கின்றன. எந்தக் கடையில் வாங்குவது என்பது பல சமயம் நோயாளியின் முடிவு இல்லை. இன்னொன்று, சிறுநீரகம் மாற்றிய 65 வயதுக்குக் குறைந்த பலருக்கு அங்கே அரசின் மெடிகேர் காப்பீடு 36 மாதத்தோடு நின்றுவிடும், முன்பெல்லாம் மாற்று உறுப்பு மருந்துக்கான உதவியும் அதோடு போய்விடும். 2023 ஜனவரியில்தான் அந்த மருந்துகளுக்கு மட்டுமாவது தொடர்ந்து காப்பீடு பெற வழி செய்தார்கள்.

நம் நாட்டில் "ஸ்பெஷாலிட்டி ஃபார்மசி" என்று தனி உரிமம் கிடையாது. பெரிய மாற்று உறுப்பு மையங்களில் அந்த வேலையைச் செய்ய ஆள் இருப்பார்கள். மருத்துவமனை மருந்தாளுநருக்கான ஃபார்ம்.டி. படிப்பு இங்கே 2008இல் தொடங்கியது, அதை முடித்தவர்கள் இப்போது வார்டுகளில் நிறையவே இருக்கிறார்கள். நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில் விதிமுறைகளிலேயே இருக்கிறது. நடைமுறையில், டிஸ்சார்ஜ் ஆன அன்று பத்து நிமிடம் பேசுவார்கள். அப்புறம் நீங்கள் தஞ்சாவூர், அவர்கள் சென்னை.

அந்த இடைவெளியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும், நிரப்பவும் முடியும். அத்தை மகன் சொன்ன அந்த மாதாந்திர போனில் கேட்கும் கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் சாரம் ஒன்றுதான்: போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவில் என்ன மாறியது? அப்பா சாப்பிடும் பதினொன்றும் பதினொன்றாக இருக்கும் வரை பெரிய ஆபத்து பெரும்பாலும் வராது. பன்னிரண்டாவதாக ஒன்று உள்ளே வரும்போதும், இருக்கிற ஒன்று வெளியே போகும்போதும்தான் பிரச்சினை அதிகம் வரும்.

காரணம் டாக்ரோலிமஸ். 1984இல் ஜப்பானின் த்சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து இது, பெயரின் முதல் எழுத்தே அந்த ஊருடையது. உடல் புதுச் சிறுநீரகத்தை அந்நியன் என்று தாக்காமல் தடுப்பது இதன் வேலை. ரத்தத்தில் இதன் அளவு குறைந்தால், உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும் ரிஜெக்‌ஷன், கூடினால் இதே மருந்து அதே சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் சில மாதம் ஒரு மில்லி ரத்தத்தில் 8 முதல் 12 நானோகிராம் வரை, பிறகு 5 முதல் 8 வரை என்ற மாதிரி வைத்திருப்பார்கள். மையத்துக்கு மையம் கொஞ்சம் முன்பின் இருக்கும். இது எவ்வளவு குறுகிய பாதை என்பதை அந்த எண்களே சொல்லும்.

இந்த மருந்தைக் குடலிலும் கல்லீரலிலும் உடைப்பது ஒரு நொதி. அதன் வேகம் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறும். அதனால்தான் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வேளைக்கு 1 மி.கி. போதும், அப்பாவுக்கு 3 மி.கி. வேண்டியிருக்கும். "அவருக்குக் குறைச்சலாத்தானே கொடுக்கிறாங்க" என்று ஒப்பிட வேண்டாம். சிக்கல் என்னவென்றால், இதே நொதியைத் தடுக்கும் மருந்துகளும் தூண்டிவிடும் மருந்துகளும் சாதாரணமாக எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கின்றன.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மாற்று சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆன ஒருவர் வந்தார். காபி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவு கை நடுக்கம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் லெவல் பார்த்தால் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. "மாத்திரையைக் கூட்டிப் போட்டீங்களா" என்று கேட்டால் சத்தியம் செய்கிறார். "புதுசா ஏதாவது?" இல்லை. "தோலுக்கு, பல்லுக்கு, வயித்துக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான், "படர்தாமரைக்கு ஒரு கேப்ஸ்யூல்" என்றார். இட்ராகோனசோல். தொடையில் அரிப்பு என்று உள்ளூரில் காட்டியிருக்கிறார், சிறுநீரகம் மாற்றியதைச் சொல்லவில்லை. தோல் வியாதிக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டார். நம்மூர் வெயிலுக்கும் வியர்வைக்கும் படர்தாமரை வராத வீடு இல்லை, அதனால் இந்த மருந்துப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூகோனசோல், கீட்டோகோனசோல் இரண்டும் இதே வகை. சளி இருமலுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டும் இப்படித்தான் லெவலை ஏற்றும். அஸித்ரோமைசினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கதையின் இரண்டாம் பாதியை யாரும் யோசிப்பதில்லை. அவருக்கு டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்தோம், இட்ராகோனசோலை நிறுத்தினோம். நிறுத்திய பிறகு தடை விலகி நொதி மறுபடி பழைய வேகத்தில் வேலை செய்யத் தொடங்கும். குறைத்த அளவிலேயே விட்டிருந்தால் அடுத்த சில வாரத்தில் லெவல் தரைக்கு இறங்கி ரிஜெக்‌ஷனில் முடிந்திருக்கும். உள்ளே வரும்போது ஒரு டெஸ்ட், வெளியே போன பின் ஒரு டெஸ்ட் என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

வெளியே போவதற்கு இன்னொரு உதாரணம் டில்டியாசெம். சீட்டில் அது பி.பி. மாத்திரை. ஆனால் நம் நாட்டுச் சிறுநீரக மருத்துவர்கள் பலர் வேறொரு கணக்கோடும் அதை எழுதுவார்கள். அது டாக்ரோலிமஸ் லெவலைத் தூக்கிப் பிடிப்பதால் விலை உயர்ந்த மருந்து குறைவாகப் போதும். சிக்கனமான தந்திரம், நல்ல தந்திரமும்கூட. ஊரில் ஒரு டாக்டர், "பி.பி. நார்மல் ஆயிடுச்சே, இது எதுக்கு?" என்று அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் மீது தவறில்லை, சீட்டில் காரணம் எழுதவில்லை. அப்பாவின் பதினொரு மருந்துக்கும் நேராக "எதற்கு" என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லி அடுத்த முறை கேளுங்கள்.

எதிர்த் திசையில் பெரிய வில்லன் ரிஃபாம்பிசின். காசநோய் நம்மிடம் அதிகம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். அரசுத் திட்டத்தில் கொடுக்கும் காசநோய்க் கூட்டு மாத்திரைக்குள் ரிஃபாம்பிசின் ஒளிந்திருக்கும். "டி.பி. மாத்திரை" என்றுதான் நோயாளிக்குத் தெரியும், பெயர் தெரியாது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் அதுதான். இது நொதியைத் தூண்டிவிட, ஒன்றிரண்டு வாரத்தில் டாக்ரோலிமஸ் சரிந்துவிடும். அளவை இரண்டு மூன்று மடங்கு, சிலருக்கு அதற்கும் மேலே கூட்ட வேண்டி வரும். அல்லது ரிஃபாம்பிசினுக்குப் பதில், நொதியை அவ்வளவு தூண்டாத ரிஃபாபுட்டின் தருவார்கள். இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு என்று எது வந்தாலும் டி.பி. மருந்தின் முதல் வேளைக்கு முன்பே மாற்று சிகிச்சை செய்த மையத்துக்குத் தகவல் போக வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் இரண்டும் இதே திசையில் இழுப்பவை.

பழங்களில் கிரேப்ஃப்ரூட் வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். நம்மூரில் அதை யார் சாப்பிடுகிறார்கள்? நீங்கள் கவனிக்க வேண்டியது அதன் பெரியப்பா பம்பளிமாஸ். சிறுநீரகம் மாற்றியவர் பம்பளிமாஸ் சாப்பிட்டு டாக்ரோலிமஸ் ஏறியது ஜப்பானில் பதிவாகியிருக்கிறது.

கஷாயம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது நிச்சயம் காய்ச்சுவார்கள். கபசுரக் குடிநீரில் சீந்தில் இருக்கிறது. சீந்திலை எதற்குக் கொடுக்கிறார்கள்? எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட. அப்பா காலையும் மாலையும் மாத்திரை விழுங்குவது எதற்கு? அதைக் குறைக்க. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒரு வீட்டில் அது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். "இம்யூனிட்டி" என்று எழுதிய எந்த டப்பாவுக்கும் இதே பதில்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி: "இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் சொல்வது சரியா?

பாதி சரி. மருந்து அதே மருந்துதான், வேறு கம்பெனி மருந்து மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். மலிவான தயாரிப்பில் பத்து வருடத்துக்கு மேல் நன்றாக இருப்பவர்கள் ஏராளம். ஆனால் இவ்வளவு குறுகிய பாதையில் நடக்கும் மருந்தில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது உறிஞ்சப்படும் அளவில் வரும் சிறு வித்தியாசமும் கணக்கில் வரும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல், வாயால் சாப்பிடும் டாக்ரோலிமஸை பிராண்டு பெயரிலேயே எழுத வேண்டும், அதே பிராண்டையே கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதைவிட மோசமான குழப்பம் ஒன்று உண்டு. தினம் இரு வேளை சாப்பிடும் சாதாரண டாக்ரோலிமஸும், ஒரு வேளை மட்டும் சாப்பிடும் மெதுவாகக் கரையும் டாக்ரோலிமஸும் ஒரே பெயரில் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்தால் அது பிராண்டு மாற்றம் அல்ல, மருந்தே மாறியது போலத்தான். அட்டையின் பின்பக்கம் நீங்களே படியுங்கள்.

பிராண்டை மாற்றவே கூடாதா? மாற்றலாம், டாக்டருக்குத் தெரிந்து, மாற்றிய பின் லெவல் பார்த்து. அரசு மருத்துவமனையில் மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கு மருந்து அங்கேயே கிடைக்கிறது, அங்கு சப்ளை செய்யும் கம்பெனி மாறினாலும் இதே விதிதான். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். ஒரே கடையைப் பிடித்து, "எங்களுக்கு மாதம் இத்தனை அட்டை, இந்தக் கம்பெனி, இந்த மி.கி." என்று எழுதிக் கொடுங்கள். நிலையான வாடிக்கையாளர் என்று தெரிந்தால் அவரே மொத்த வியாபாரியிடம் சொல்லி வாங்கி வைப்பார். பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்குச் சொல்லிவிட வேண்டும். கடைசி அட்டை கையில் இருக்கும்போது போனால் "அதேதான்" என்பதைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

மி.கி. பற்றியும் ஒரு வார்த்தை. டாக்ரோலிமஸில் 0.5, 1, 5 என்று வெவ்வேறு அளவில் கேப்ஸ்யூல் உண்டு. சீட்டில் பூஜ்யம் போடாமல் ".5" என்று எழுதி, புள்ளி மங்கிப்போனால் பத்து மடங்கு. வாய்மொழியில் "அரை போடுங்க" என்று சொன்னதைக் கேட்டு, 1 மி.கி. கேப்ஸ்யூலைத் திறந்து பாதிப் பொடியைக் கொட்டிய ஒருவரையும் எனக்குத் தெரியும். "அரை" என்றால் 0.5 மி.கி. கேப்ஸ்யூல். இதைத் திறக்கவும் கூடாது, ஈரத்தில் வைக்கவும் கூடாது. அட்டையிலிருந்து பிரித்து ஒரு மாதத்துக்கானதை டப்பாவில் கொட்டி வைப்பதும் வேண்டாம்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இன்னொரு மருந்தான மைக்கோபினோலேட்டிலும் கடையில் ஒரு வில்லங்கம் வரும். "500 இல்ல, 360 தரட்டுமா?" என்பார்கள். கேட்டால் 360 குறைந்த அளவு போலத் தோன்றும். இரண்டும் அதே மருந்தின் வேறு வேறு வடிவம், ஒன்று மொஃபெடில், மற்றது சோடியம். மொஃபெடில் 500 மி.கி.க்கு ஏறக்குறைய சமம் சோடியம் 360 மி.கி. "குறையுதே" என்று நீங்களாக ஒன்று கூட்டிப் போட்டுவிடக் கூடாது. நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் ஜெலுசில் வகையறாவை இதோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடலில் சேருவது குறையும், இடைவெளி விட வேண்டும். மைக்கோபினோலேட்டுக்குப் பதில் அசதயோபிரின் எழுதியிருந்தால், யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ யாரும் தொடங்கிவிடக் கூடாது. எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். ஸ்டீராய்டைச் சொந்தமாக நிறுத்தக் கூடாது. மூட்டுவலி, முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் கூடாது, ஊசியாகவும் கூடாது. பாரசிட்டமால் போதும். ஆனால் காய்ச்சலுக்கு அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் மையத்தைக் கூப்பிடுங்கள்.

லெவல் டெஸ்ட் எடுக்கும் விதத்தில் நடக்கும் தவறுக்குக் கணக்கே இல்லை. அந்த எண் அர்த்தமாவதற்கு, இரவு மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்குச் சற்று முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். அப்பா வழக்கம்போல எட்டு மணிக்கு விழுங்கிவிட்டு ஒன்பதரைக்கு லேப் போனால், மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்து எண் வரும். டாக்டர் அதை நம்பி அளவைக் குறைப்பார். சரியாக இருந்த மருந்து அன்று முதல் குறைவாகிவிடும். அதனால் டெஸ்ட் அன்று காலை மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும், ரத்தம் கொடுத்த கையோடு போட்டுக்கொள்ளட்டும். முந்தின இரவு எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை லேப் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். எப்போதும் ஒரே லேப் என்றால் இன்னும் நல்லது.

வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மூன்று மணி நேரம் பின்பு என்பது புத்தகம். எந்த முறையானாலும் தினமும் அதே முறை என்பதுதான் முக்கியம். ஏகாதசி விரதம், ரமலான் நோன்பு, இரவுக் கல்யாண வரவேற்பு எல்லாம் வரும்போது நேரம் நழுவும், அதற்கு முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரட்டையாகப் போடக் கூடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தும் வெளியே போய்விடும், லெவல் குறையும் என்று எல்லோரும் நினைப்பார்கள். டாக்ரோலிமஸில் நேர்மாறு. குடல் சுவரில் இருக்கும் அந்த நொதியும் மருந்தை வெளியே தள்ளும் பம்பும் பழுதாகிவிடுவதால், வழக்கத்தைவிட அதிக மருந்து உள்ளே போய் லெவல் ஏறும். கூடவே உடம்பில் நீர் வற்றியிருக்கும். இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பிடிக்கும். ஒரு நாள் முழுக்கப் போனாலே போன் செய்யுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள், நாற்பது பக்கம் போதும். தேதி, டாக்ரோலிமஸ் எத்தனை மி.கி., எந்தக் கம்பெனி, லெவல், கிரியேட்டினின். கடைசிக் கட்டம் மட்டும் பெரிதாக: என்ன மாறியது. மாதம் ஒரு நாள் உட்கார்ந்து மீதி மாத்திரையை எண்ணுங்கள். 60 வாங்கி, தினம் 2 வீதம் 25 நாள் ஆகியிருந்தால் 10 இருக்க வேண்டும். 16 இருந்தால் மூன்று நாள் மருந்து உள்ளே போகவில்லை. "போட்டீங்களாப்பா?" என்று கேட்டால் "போட்டேன்மா" என்றுதான் வரும், எண்ணினால் சண்டை இல்லாமல் தெரிந்துவிடும். பல் டாக்டரிடமோ தோல் டாக்டரிடமோ தடுப்பூசி போடவோ எங்கே போனாலும் அந்த நோட்டு கூடப் போகட்டும். தடுப்பூசியில் உயிருள்ள கிருமி வகை இவருக்குக் கூடாது, அதைப் போடுபவரிடம் சொன்னாலே புரிந்துகொள்வார்.

நீங்கள் கேட்காத ஒன்று, அம்மா. அவருக்கு மாத்திரை இல்லை, அதனால் நோட்டும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் அப்பாவைப் பார்க்கிறார்கள், அம்மாவும் அப்பாவைத்தான் பார்க்கிறார். ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு வருடம் ஒரு முறை பி.பி., கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்க்க வேண்டும். முழங்கால் வலிக்கு அவரும் டைக்ளோஃபினாக் போடக் கூடாது. அடுத்த முறை அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகும்போது, அம்மா பெயரிலும் ஒரு ஓ.பி. சீட்டுப் போட்டுவிடுங்கள்.